வில்லியம் ஹோவர்ட் ரஸல்: போர்ச் செய்தியாளரின் வாழ்வும் விருதுகளும்

வில்லியம் ஹோவர்ட் ரஸல் (28 மார்ச் 1820 – 10 பிப்ரவரி 1907) அயர்லாந்தில் பிறந்த இதழாளர். லண்டனிலிருந்து வெளிவந்த ‘தி டைம்ஸ்’ நாளிதழின் சிறப்புச் செய்தியாளராகக் கிரிமியப் போர், 1857-58 இந்தியக் கிளர்ச்சி, அமெரிக்க உள்நாட்டுப் போர், பிரெஞ்சு-பிரஷ்யப் போர் ஆகியவற்றை நேரில் கண்டு எழுதினார். விக்டோரியா காலத்துப் போர்ச் செய்தியாளர்களில் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டின் பரிவாரத்தில் ஒருவராக, திருச்செந்தூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூத்துக்குடிக்கு வந்து, மணியாச்சி வழியாக மதுரைக்கு ரயிலில் சென்றார்.

உலகின் முதல் போர்ச் செய்தியாளர் என்று ரஸலைச் சொல்வது வழக்கம். இது முழுக்கச் சரியல்ல. 1808-ல் ஹென்றி கிராப் ராபின்சன் என்பவரை இதே டைம்ஸ் இதழ் ஸ்பெயினுக்கு அனுப்பியது. ஆனால் ராபின்சன் படைகளோடு சேர்ந்து போர்க்களத்துக்குச் சென்றவர் அல்லர். படையோடு நடந்து, களத்தைக் கண்ணால் பார்த்து, பார்த்ததை மாதக்கணக்கில் தொடர்ந்து எழுதி, அந்த எழுத்தால் ஓர் அரசையே ஆட்டம் காணச் செய்தவர் என்ற வகையில் ரஸலுக்கு முன்னோடி இல்லை.

பிறப்பு, இளமை

ரஸல் டப்ளின் அருகே டாலட் என்னும் ஊரைச் சேர்ந்த லில்லி வேல் என்ற இடத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1821 என்று சொல்பவர்களும் உண்டு. தந்தையின் தொழில் நொடித்துப்போனதால் பெற்றோர் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தனர். ரஸல் தாத்தாவின் வீட்டில் வளர்ந்தார். 1838-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1841-ல் அயர்லாந்தில் நடந்த தேர்தலைப் பற்றி எழுத, டைம்ஸ் இதழில் பணியாற்றிய உறவினர் ஒருவர் அவரை அழைத்தார். இதழியலுக்குள் அவர் நுழைந்தது இப்படித்தான்.

அந்நாளைய இதழ்களுக்கிடையே நிலவிய போட்டிக்கு எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். 1844-ல் ஐரியத் தலைவர் டேனியல் ஓ'கானல் மீதான வழக்கில் தீர்ப்பு வந்ததும், செய்தியை முதலில் கொண்டுசேர்க்க ரஸல் தனிக் கப்பலிலும் தனி ரயிலிலும் லண்டனுக்கு விரைந்தார். அலுவலக வாசலில் மேல்சட்டை இல்லாமல் நின்ற ஒருவர், ஓ'கானல் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். அச்சகத் தொழிலாளி என்று எண்ணி ரஸல் ஆமாம் என்று சொல்லிவிட்டார். கேட்டவர் போட்டி இதழின் ஆள். மறுநாள் அந்த இதழிலும் செய்தி வந்தது. வாயை அடக்கக் கற்றுக்கொண்டது அன்றுதான் என்று பிற்காலத்தில் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம். எழுத்தாளர்கள் தாக்கரேயும் டிக்கன்ஸும் அந்த நண்பர் வட்டத்தில் இருந்தனர்.

கிரிமியா

1854 பிப்ரவரியில் டைம்ஸ் ஆசிரியர் ஜான் டிலேன், ரஷ்யாவுக்கு எதிராகப் புறப்பட்ட பிரிட்டிஷ் படையோடு ரஸலை அனுப்பினார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்பது பேச்சு. திரும்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

அதுவரை போர்ச் செய்தி என்றால் தளபதிகளின் அறிக்கையும், படை அதிகாரிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும்தான். களத்தில் நின்று பார்க்கும் பொதுஆள் என்ற ஒருவருக்குப் படையின் ஒழுங்கில் இடமே இல்லை. தலைமைத் தளபதி ராக்லன் பிரபு ரஸலைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்குக் கூடாரமோ உணவுப் பங்கோ தர அதிகாரிகள் விரும்பவில்லை. கிடைத்த குதிரையில் ஏறி, கிடைத்த இடத்தில் படுத்து, இளநிலை அதிகாரிகளோடும் சிப்பாய்களோடும் பழகிச் செய்தி சேகரித்தார். இந்தப் புறக்கணிப்பே அவருக்கு நன்மையாக முடிந்தது. மேலிடத்தில் இடம் கிடைத்திருந்தால் அவர் கீழிருந்து பார்த்திருக்க மாட்டார்.

1854 செப்டம்பர் 20 அன்று நடந்த அல்மா போரே அவர் கண்ட முதல் பெரும் போர். எங்கே நிற்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் களத்தில் அலைந்தார். ரஷ்யரின் கணக்கேடு ஒன்றிலிருந்து கிழித்த தாள்களில் செய்தியை எழுதினார். அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில், சர் காலின் கேம்பலின் கீழ் நின்ற ஸ்காட்லாந்து காலாட்படை ரஷ்யக் குதிரைப்படையை எதிர்கொண்டதைப் பற்றி அவர் எழுதிய வருணனையிலிருந்துதான் ‘மெல்லிய சிவப்புக் கோடு’ என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதே நாளில் இலகு குதிரைப்படை தவறான கட்டளையால் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்தது. இது குறித்து டைம்ஸில் வந்த செய்தியைப் படித்த கவிஞர் டென்னிசன் தம் புகழ்பெற்ற கவிதையை எழுதினார்.

வரலாற்றில் எடை கூடியவை இந்த வீர வருணனைகள் அல்ல. அடுத்து வந்த குளிர்காலத்தில் எழுதிய கடிதங்களே. 1854 நவம்பர் 14 அன்று வீசிய புயலில், குளிர் உடைகளை ஏற்றி வந்த கப்பல் உட்படப் பல சரக்குக் கப்பல்கள் மூழ்கின. துறைமுகத்திலிருந்து முகாமுக்குச் செல்லும் சில மைல் தூரப் பாதை சேறாகிவிட்டது. துறைமுகத்தில் பொருள் குவிந்து கிடக்க, மேட்டில் சிப்பாய்கள் கிழிந்த உடையோடு, காலணி இல்லாமல், காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தனர். போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டுபட்டு இறக்கவில்லை, நோயால் இறந்தனர். இதை ரஸல் மறைக்காமல் எழுதினார். எழுதுவதா, நாவை அடக்குவதா என்று ஆசிரியரிடம் கேட்டும் எழுதினார். டிலேன் தயங்கவில்லை. சில கடிதங்களை வெளியிட்டார். வெளியிடக் கூடாதவற்றை அமைச்சர்களிடம் சுற்றுக்கு விட்டார்.

இங்கே பொதுவாகச் செய்யப்படும் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் புறப்படத் தூண்டிய ஸ்குட்டாரி மருத்துவமனைச் செய்திகளை எழுதியவர் ரஸல் என்று பல நூல்கள் கூறுகின்றன. ஸ்குட்டாரி பற்றிய முக்கியச் செய்திகளை எழுதியவர் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த டைம்ஸின் மற்றொரு செய்தியாளர் தாமஸ் செனரி. ரஸல் எழுதியது முகாமிலும் களத்திலும் இருந்த நிலைமை. இருவரின் எழுத்தும் சேர்ந்தே பொதுமக்களின் சினத்தைக் கிளப்பின. கிரிமியாவில் வீரர்களைப் பேணிய ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோலுக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தந்ததில் மட்டும் ரஸலின் பங்கு நேரடியானது. 1857-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றுக்கு ரஸல் முன்னுரை எழுதினார்.

1855 ஜனவரி 29 அன்று போர் நடத்தப்பட்ட விதம் குறித்து விசாரணை கோரும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அபர்டீன் பிரபுவின் அரசு பதவி விலகியது. அரசைக் கவிழ்த்தது நீங்கள்தான் என்று, பதவியிழந்த போர் அமைச்சர் நியூகாசில் கோமகனே பின்னர் ரஸலிடம் சொன்னதாகக் குறிப்பு உள்ளது. எதிரிக்குத் தகவல் தருகிறார் என்பது ராக்லன் தரப்பின் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு நியாயம் உண்டு. படைகளின் இருப்பிடமும் குறைகளும் அச்சில் வந்தால் ரஷ்யரும் படிப்பார்கள். 1856 பிப்ரவரியில் அப்போதைய தளபதி காட்ரிங்டன், எதிரிக்குப் பயன்படும் செய்திகளை வெளியிடுவோரைப் போர்முனையிலிருந்து வெளியேற்றலாம் என்று ஆணையிட்டார். போர் முடியும் தறுவாயில் வந்த அந்த ஆணை ரஸலைத் தொடவில்லை. ஆனால் பிற்காலத்து இராணுவத் தணிக்கை முறைக்கு அதுவே வித்து.

லக்னோ, 1858

1857-ல் இந்தியாவில் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்ததும், ஆங்கிலப் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட கொடுமைகள் லண்டன் இதழ்களை நிரப்பின. பழிவாங்கும் வெறி பரவியது. அவற்றில் எது மெய், எது பொய் என்று அறிய டிலேன் ரஸலை அனுப்பினார். 1858 ஜனவரி இறுதியில் ரஸல் கல்கத்தாவில் இறங்கினார்.

இம்முறை படைத்தலைவர், பாலக்லாவாவில் அவர் எழுத்தால் புகழ்பெற்ற அதே காலின் கேம்பல். கிரிமியாவில் கூடாரம் கிடைக்காதவருக்கு இங்கே தலைமை முகாமிலேயே இடம் கிடைத்தது. குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு கேம்பல் தம் திட்டங்களை அவரிடம் பகிர்ந்துகொண்டார். இப்படி நெருக்கமாக வைத்துக்கொள்ளப்பட்ட செய்தியாளர் மென்மையாக எழுதுவார் என்று எதிர்பார்க்கலாம். ரஸலின் 1858-ஆம் ஆண்டு நாட்குறிப்பு அப்படி இல்லை.

கான்பூரில் நடந்த படுகொலையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பின்னப்பட்ட பல கதைகளுக்குச் சான்று இல்லை என்று எழுதினார். அலகாபாத்திலிருந்து கான்பூர் நோக்கிச் சென்ற முன்னணிப் படையில் இருந்த அதிகாரி ஒருவர் சொன்னதைப் பதிவு செய்தார். அந்தப் படை இரண்டு நாட்களில் சாலையோரத்தில் 42 பேரைத் தூக்கிலிட்டது. அவர்களில் 12 பேர் செய்த குற்றம், படை வரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தது. தங்கிய இடங்களில் எதிரே இருந்த ஊர்கள் எரிக்கப்பட்டன. இப்படியே ஊர்களைக் காலி செய்தால் படைக்கு உணவு கிடைக்காது என்று அந்த அதிகாரியே தலைவரிடம் முறையிட வேண்டியிருந்தது. அந்தப் படையை நடத்தியவர் மேஜர் ரெனாட். அனுப்பியவர் கர்னல் ஜேம்ஸ் நீல். இருவரும் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள்.

மார்ச் மாதத்தில் லக்னோ வீழ்ந்தது. கைசர்பாக் அரண்மனையைச் சிப்பாய்கள் சூறையாடியதை ரஸல் உள்ளே நின்று பார்த்தார். சால்வைகளும் கண்ணாடிகளும் ஓவியங்களும் நொறுங்கிக் கிடந்தன. ஒரு சிப்பாய் கைநிறைய நகையை நீட்டி 100 ரூபாய் ரொக்கம் கேட்டான். ரஸலிடம் அப்போது காசு இல்லை. இதை அவர் ஒளிக்காமல் எழுதினார். காசு இருந்திருந்தால் வாங்கியிருப்பார் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். தன்னையும் அந்தச் சூறையாடலுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை என்பதாலேயே அந்தப் பக்கங்கள் நம்பத்தக்கவையாகின்றன.

இன்னொரு பதிவு படிக்கக் கடினமானது. காஷ்மீரிச் சிறுவன் ஒருவன், கண்பார்வையற்ற முதியவரை வழிநடத்திக்கொண்டு வந்து, பிரிட்டிஷ் அதிகாரியின் காலில் விழுந்து அடைக்கலம் கேட்டான். அதிகாரி கைத்துப்பாக்கியை எடுத்து அவன் தலையை நோக்கிச் சுட்டார். மூன்று முறை துப்பாக்கி வெடிக்கவில்லை. நான்காம் முறை வெடித்தது. சுற்றி நின்ற வீரர்களே முணுமுணுத்தனர் என்று ரஸல் எழுதுகிறார். முஸ்லிம் கைதிகளைத் தூக்கிலிடுமுன் பன்றிக் கொழுப்பைப் பூசுவது, பன்றித்தோலில் வைத்துத் தைப்பது போன்றவற்றை கிறிஸ்தவத்துக்கு இழிவு தேடும் செயல்கள் என்று கண்டித்தார். நிறத்தைக் காட்டி இந்தியரை இகழும் ஆங்கிலேயரின் பேச்சு அவருக்கு அருவருப்பைத் தந்தது. டெல்லியில் சிறைப்பட்டிருந்த பகதூர் ஷா ஜாபரைப் பார்த்தபோது, நோயுற்ற அந்த முதியவர் ஆங்கிலேயருக்கு நன்றி மறந்தவர் என்ற குற்றச்சாட்டு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். அவருடைய நாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்கள் நன்றியை எதிர்பார்ப்பது ஏன் என்பது கேள்வி.

ரஸல் பேரரசின் எதிரி அல்லர். பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் தொடர வேண்டும் என்றே நம்பினார். வன்முறையால் மட்டும் அது தொடராது என்பது அவர் வாதம். ஆனாலும் அக்காலத்து ஆங்கில வாசகருக்கு அவருடைய கடிதங்கள் கசப்பு மருந்தாக இருந்தன. ஆளுநர் கானிங்கின் இணக்கக் கொள்கையை இகழ்ந்து வந்த லண்டனில் பழிவாங்கும் குரல் தணிந்ததற்கு டைம்ஸின் இந்தக் கடிதங்களும் காரணம். குதிரை உதைத்துக் காயமுற்று டோலியில் தூக்கிச் செல்லப்பட்டபோது, பரேலி அருகே கிளர்ச்சிக் குதிரைவீரர்களின் திடீர்த் தாக்குதலில் மயிரிழையில் உயிர் தப்பினார். 1860-ல் ‘1858-59 இந்திய நாட்குறிப்பு’ இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

அமெரிக்காவும் தந்தி யுகமும்

1861 மார்ச்சில் அமெரிக்கா சென்ற ரஸலை அதிபர் லிங்கன் வரவேற்றார். உலகில் டைம்ஸைவிட வலிமை வாய்ந்தது மிசிசிப்பி ஆறு ஒன்றாகத்தான் இருக்கும் என்று லிங்கன் வேடிக்கையாகச் சொன்னதாகக் குறிப்பு உண்டு. ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படை சிதறி ஓடியதை ரஸல் கண்டபடி எழுதினார். அது அச்சாகி அமெரிக்கா வந்து சேர்ந்ததும் ‘புல் ரன் ரஸல்’ என்ற வசைப்பெயர் கிடைத்தது. அடுத்த போர்முனைக்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டு 1862 ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

1870-ல் பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் முகாமோடு சென்று செடான் போரைக் கண்டார். ஆனால் காலம் மாறிவிட்டது. ஆர்ச்சிபால்டு ஃபோர்ப்ஸ் போன்ற இளையவர்கள் தந்தியில் செய்தி அனுப்பினர். ரஸல் நீண்ட கடிதம் எழுதும் தலைமுறை. அவர் கடிதம் வந்து சேர்வதற்குள் செய்தி பழையதாகிவிட்டது. 1866-ல் அட்லாண்டிக் கடலடித் தந்தி வெற்றிகரமாக இடப்படுவதற்கு முந்தைய ஆண்டு, கம்பியிடும் கப்பலில் பயணம் செய்து அதைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே என்பது விந்தை.

தூத்துக்குடி, மணியாச்சி: டிசம்பர் 1875

ரஸல் 1869-லேயே வேல்ஸ் இளவரசரோடு எகிப்து சென்றவர். இளவரசர் அவரைச் செல்லமாக ‘பில்லி’ என்று அழைப்பார். 1875-ல் இளவரசர் இந்தியா புறப்பட்டபோது ரஸல் மதிப்புறு தனிச் செயலராக உடன் சென்றார். நாடாளுமன்றம் இளவரசரின் சொந்தச் செலவுக்கு மட்டும் 60,000 பவுண்டு ஒதுக்கியது. செராபிஸ் என்னும் கப்பல் நவம்பர் 8 அன்று பம்பாயை அடைந்தது. தென்னிந்தியாவின் சில பகுதிகளில் காலரா பரவியதால் திட்டம் மாறியது. இளவரசர் கடல்வழியே இலங்கை சென்று, அங்கிருந்து டிசம்பர் 10 அன்று தூத்துக்குடியில் இறங்கினார்.

அன்றைய தூத்துக்குடித் துறைமுகம் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட, ஆட்கள் படகில் கரைக்கு வர வேண்டும். மதுரை-தூத்துக்குடி ரயில்பாதை அப்போதுதான் போட்டு முடிந்திருந்தது. பொதுமக்களுக்கு அது திறக்கப்பட்டது 1876 ஜனவரி 1 அன்று. அதற்கு மூன்று வாரம் முன்பே இளவரசரின் தனி ரயில் அதில் ஓடியது. பாதை பிரிந்து திருநெல்வேலி செல்லும் இடமான மணியாச்சியில் ரயில் நின்றது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கிறிஸ்தவர்கள் திரண்டிருந்தனர். இடையன்குடியிலிருந்து ராபர்ட் கால்டுவெல்லும் பாளையங்கோட்டையிலிருந்து எட்வர்டு சார்ஜென்டும் வரவேற்புரை அளித்தனர். இருவரும் அப்போது ஆயர்கள் அல்லர். 1877-ல்தான் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளிவந்த ஆண்டு 1875. ரஸலைப் போலவே கால்டுவெல்லும் அயர்லாந்தில் பிறந்தவர். 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றதும் இதே மணியாச்சி நிலையத்தில்தான்.

ரயில் கடந்து சென்ற கரிசல் நிலம் முக்கால் நூற்றாண்டுக்கு முன் போர்க்களம். மணியாச்சியிலிருந்து வெகுதூரம் இல்லாத பாஞ்சாலங்குறிச்சியில் 1799-லும் 1801-லும் கும்பினிப் படை போரிட்டது. 1801 மார்ச் 31 அன்று கோட்டையைத் தாக்கித் தோற்றது. மே 24 அன்றுதான் பிடித்தது. அந்தப் போருக்கு ஒரு ரஸல் இல்லை. லண்டன் வாசகர் காலை உணவோடு அதைப் படிக்கவில்லை. நமக்குக் கிடைக்கும் நேரடிப் பதிவுகளில் முக்கியமானது, கும்பினிப் படையில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட இராணுவ நினைவுகள். களம் கண்டு ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து, வென்ற தரப்பைச் சேர்ந்தவர் எழுதியது. ஆனால் வெல்ஷ் எதிரியை மதித்தவர். வாய்பேச முடியாத ஊமைத்துரையிடம் அவருடைய ஆட்கள் காட்டிய பக்தியை வியந்து எழுதினார். காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவர் என்று ஒப்பாரி வைத்து, தேடிவந்த எட்டயபுரத்தாரிடமிருந்து காப்பாற்றிய கதையை இன்றைக்கு நாம் அறிவது அவர் வழியாகத்தான். 1881-ல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் வெல்ஷின் பதிவுகளை விரிவாகப் பயன்படுத்தினார்.

ரஸல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1877-ல் சிட்னி ஹாலின் படங்களோடு வெளிவந்தது. வரவேற்பு வளைவுகள், தர்பார்கள், யானை வேட்டை, வாணவேடிக்கை ஆகியவையே அதில் மிகுதி. 1858 நாட்குறிப்பை அடுத்து இதைக் கையில் எடுப்பவருக்கு ஏமாற்றம் தவிர்க்க முடியாதது. விருந்தாளியாக வந்தவர், விருந்தாளிக்குக் காட்டப்பட்டதைக் கண்டார். இந்தியரை அதிகாரிகள் இழிவாக நடத்துவது கண்டு இளவரசரே சினந்து ஊருக்குக் கடிதம் எழுதினார் என்பது இங்கே சொல்லத்தக்கது. 17 ஆண்டுகளுக்கு முன் ரஸல் அச்சில் சொன்னதைத்தான் இளவரசர் தனிக் கடிதத்தில் சொன்னார்.

1876 மார்ச்சில் இளவரசர் கப்பலேறினார். அந்த ஆண்டு மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தபோது, தெற்கே மக்கள் இறந்துகொண்டிருந்தனர். நிவாரண வேலை செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். இந்தியாவின் பிரிட்டிஷ் பகுதிகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பிழைக்க வழி தேடிய திருநெல்வேலிச் சீமையினர் தூத்துக்குடி வழியாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போயினர். இளவரசர் இறங்கிய அதே கரைதான் அது. கிரிமியாக் குளிர்காலத்தை எழுதிய கை இந்தப் பஞ்சத்தை எழுதியிருந்தால் என்ற எண்ணம் எழுவது இயல்பு. பஞ்சம் தொடங்கியபோது ரஸல் இந்தியாவில் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வேலையைச் செய்தவர் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி. 1878-ல் அவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூல்.

பட்டங்களும் பதக்கங்களும்

கிரிமியாவிலிருந்து திரும்பிய ரஸலுக்கு 1856-ல் டிரினிட்டி கல்லூரி மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் அளித்தது. பட்டம் பெறாமல் வெளியேறிய கல்லூரி அது. துருக்கிய அரசு மெஜிதியே, ஒஸ்மானியே விருதுகளையும், பிரஷ்யா இரும்புச் சிலுவையையும், பிரான்ஸ் லெஜியன் ஆஃப் ஹானர் விருதையும் வழங்கின. ஒன்றோடொன்று போரிட்ட இரண்டு நாடுகளின் விருதுகளும் ஒரே மார்பில் இருந்தன. சொந்த அரசு மட்டும் நெடுங்காலம் மௌனம் காத்தது. 1879-ல் ‘டெய்லி டெலிகிராப்’ இதழுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்று, டிரான்ஸ்வாலில் பிரிட்டிஷ் வீரர்கள் செய்த கொள்ளையைப் பற்றி எழுதி, தளபதி வுல்ஸ்லியின் மறுப்பைச் சம்பாதித்துக்கொண்டதும் அதற்கு உதவியிருக்காது.

1895-ல்தான் ‘சர்’ பட்டம் வந்தது. கிரிமியாக் கடிதங்கள் வெளிவந்து 40 ஆண்டு ஆகியிருந்தது. 1902-ல், எட்வர்டு மன்னராகியிருந்தபோது, ராயல் விக்டோரியன் வரிசையில் கமாண்டர் விருது அளித்தார். 82 வயதான ரஸல் மண்டியிட முயன்றபோது, மண்டியிட வேண்டாம் பில்லி, குனிந்தால் போதும் என்று மன்னர் சொன்னதாகக் கூறுவர். இந்த விருது மன்னர் தம் விருப்பத்தில், தமக்குச் செய்த பணிக்காகத் தருவது. அரச குடும்பத்தோடு பயணம் செய்ததற்கும் இரண்டு ஆட்சிக்கு எரிச்சலூட்டியதற்கும் எது கைமாறு என்று பிரித்துச் சொல்வது கடினம். ரஸலோ தம்மை அதிர்ஷ்டம்கெட்ட ஒரு குலத்தின் பரிதாபத்துக்குரிய தகப்பன் என்றே சொல்லிக்கொண்டார்.

ரஸல் 1846-ல் மேரி பர்ரோஸை மணந்தார். மேரி 1867-ல் இறந்தார். 1884-ல் இத்தாலியப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த அன்டோனியேட்டா மால்வெஸியை மணந்தார். 1860-ல் தொடங்கிய ‘ஆர்மி அண்ட் நேவி கெஜட்’ இதழோடு நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்தார். 1907 பிப்ரவரி 10 அன்று லண்டனில் மறைந்து, பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புனித பால் பேராலயத்தின் நிலவறையில் பெர்ட்ராம் மெக்கென்னல் வடித்த அவருடைய மார்பளவுச் சிலை உள்ளது. போர்ச் செய்தியாளர்களில் முதல்வர், மிகப் பெரியவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

ரஸலின் நாட்குறிப்பில் வரும் அந்த நீலுக்கும் சிலை வைத்தார்கள். அது சென்னை மவுண்ட் ரோட்டில் முழு உருவமாக நின்றது. 1927-ல் அந்தச் சிலையை அகற்றக் கோரி சத்தியாகிரகம் நடந்தது. அதன் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு. சிலையை உடைக்கச் சென்ற தொண்டர்கள் சிறை சென்றனர். காந்தியும் போராட்டத்துக்கு ஆதரவு தந்தார். 1937-ல் ராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவை சிலையைச் சாலையிலிருந்து எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.